‘அனுசரிச்சுப் போ’ என்று சொல்லி அனுப்பினார்கள்: அமெரிக்கப் பள்ளியில் என் பத்து மாதம்

விமான நிலையத்தில் அம்மா கடைசியாகச் சொன்னது இதுதான்: “எங்க போனாலும் அனுசரிச்சுப் போ. மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத.” அந்தப் பத்து மாதத்தில் நான் இழந்த பணத்தையும் நேரத்தையும் இப்போது கணக்குப் போட்டுப் பார்த்தால், பாதிக்கு மேல் அந்த ஒரு சொல்லை அளவுக்கு மீறிக் கடைப்பிடித்ததால் போனவை. பத்தாம் வகுப்பு முடித்த கையோடு, 2023 ஆகஸ்டில் பரிமாற்ற மாணவியாக அமெரிக்கா போனேன். விஸ்கான்சின் மாநிலத்தின் வடக்கே ஒரு சின்ன ஊர். எனக்கு முன்னால் போய்வந்த சிலர் பனியில் சிரித்தபடி நிற்கும் படங்களைக் காட்டினார்களே தவிர, படத்துக்கு வெளியே என்ன நடந்தது என்று யாரும் சொல்லவில்லை. அடுத்து போகிறவர்களுக்காக அதை எழுதுகிறேன்.

முதலில் ஏற்பாட்டைப் புரிந்துகொள்ளுங்கள். எனக்கு அது புரிவதற்குள் பாதி வருடம் போய்விட்டது. இதற்கென்று ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் பள்ளி மாணவர்களுக்கு ஒரு தனிப் பிரிவு இருக்கிறது. வயது 15-லிருந்து பதினெட்டரைக்குள் இருக்கவேண்டும். பதினோரு வருடத்துக்கு மேல் பள்ளிப் படிப்பு முடித்திருக்கக்கூடாது. அங்கே உங்களுக்குப் பொறுப்பு ஒரு ஸ்பான்சர் அமைப்பு. அதன் சார்பில் அந்த வட்டாரத்தில் ஓர் ஒருங்கிணைப்பாளர் இருப்பார். அவர் பார்த்துச் சேர்த்த ஒரு ஹோஸ்ட் குடும்பத்தில் நீங்கள் தங்குவீர்கள். இந்தக் குடும்பத்துக்குச் சம்பளமோ வாடகையோ கிடையாது என்பது முக்கியம். வருமான வரியில் மாதத்துக்கு 50 டாலர் வரை கழித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். அப்பா கட்டிய பெரிய தொகை முழுதும் ஏஜென்சிக்கும் ஸ்பான்சருக்கும் போனது. அதில் ஒரு டாலர்கூட அந்த வீட்டுக்குப் போகவில்லை. இதை நான் இரண்டு விதமாகத் தப்பாக எடுத்துக்கொண்டேன். போவதற்கு முன்னால், ‘இவ்வளவு கட்டியிருக்கிறோமே, நன்றாகப் பார்த்துக்கொள்ள மாட்டார்களா’ என்று நினைத்தேன். போனபின் உண்மை தெரிந்ததும், ‘சும்மா சோறு போடுகிறவர்களிடம் எதைக் கேட்பது’ என்று வாயை மூடிக்கொண்டேன். இரண்டாவது தப்புக்குத்தான் விலை அதிகம்.

தவறு தொடங்கியது விண்ணப்பத்தில். ஹோஸ்ட் குடும்பத்துக்கு என்று ஒரு கடிதம் எழுதித் தரச் சொல்வார்கள். “எல்லாமே பாசிட்டிவா எழுதும்மா” என்றார் ஏஜென்சியில் இருந்தவர். நானும் எழுதினேன்: எனக்குக் குழந்தைகள் என்றால் உயிர், எது கொடுத்தாலும் சாப்பிடுவேன், குளிர் ரொம்பப் பிடிக்கும். ஒரு குழந்தையை அரை மணி நேரத்துக்கு மேல் தனியாகப் பார்த்துக்கொண்டதில்லை. குளிரைப் பார்த்ததே இல்லை. அங்குள்ள குடும்பங்கள் இந்தக் கடிதத்தைப் படித்துத்தான் பிள்ளையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஏழு வயதும் நாலு வயதுமாக இரண்டு குழந்தைகள் இருந்த ஒரு வீடு என்னைத் தேர்ந்தெடுத்தது. அவர்களைக் குறை சொல்லமுடியாது. நான் எழுதியதை நம்பினார்கள். உங்களுக்குப் பிடிக்காததை, வராததை, பயப்படுவதைக் கடிதத்தில் எழுதுங்கள். நாயைக் கண்டால் பயமா, எழுதுங்கள். தனியாக உட்கார்ந்து படித்தால்தான் நிம்மதியா, அதையும் எழுதுங்கள். குடும்பம் கிடைப்பது கொஞ்சம் தள்ளிப்போகலாம்; போகட்டும்.

எனக்கே ஜூலைக் கடைசியில்தான் குடும்பம் உறுதியானது. ஆகஸ்ட் 31 வரை ஸ்பான்சருக்கு அவகாசம் உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது. தங்கும் வீடு முடிவாகாமல் கிளம்பமுடியாது, ஆகையால் டிக்கெட்டும் கடைசி நேரத்தில். முன்பே விசாரித்து வைத்திருந்த விலையைவிட ஏறக்குறைய 400 டாலர் கூட. சேவிஸ் என்ற வெளிநாட்டு மாணவர் பதிவுக் கட்டணம் 220 டாலர், விசாக் கட்டணம் 185 டாலர் எல்லாம் அதற்கு முன்பே போயிருந்தன. ஏஜென்சி சொல்லும் தொகையோடு இந்தச் சில்லறைகளையும் சேர்த்து வீட்டில் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

தடுப்பூசிக் கதை ஒன்று. அங்கே பள்ளியில் உட்கார வேண்டுமென்றால் தடுப்பூசிப் பதிவு வேண்டும். என்னிடம் இருந்தது, குழந்தையில் போட்டதை யாரோ கோழிக்கிறுக்கலாக எழுதிவைத்த ஒரு பழைய அட்டை. அதில் ஒரு தேதியைக்கூட நர்சால் படிக்கமுடியவில்லை. அம்மை ஊசி இரண்டாவது தவணை போட்டேனா இல்லையா என்று எனக்கே தெரியாது. அதோடு அந்தப் பள்ளி காசநோய்ப் பரிசோதனையும் கேட்டது. கையில் ஊசி போட்டு இரண்டு நாள் கழித்துப் பார்ப்பார்களே, அது. பிறந்ததும் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களுக்கு அந்த இடம் தடித்து, நோய் இருப்பதுபோலக் காட்ட வாய்ப்பு உண்டு. எனக்குக் காட்டியது. மார்பு எக்ஸ்ரே எடுத்து, ஒன்றுமில்லை என்று தாள் வரும்வரை ஐந்து பள்ளி நாள் வீட்டில். ‘காசநோய்ப் பெண்’ என்று யாரும் முகத்துக்கு நேராகச் சொல்லவில்லை, ஆனால் சின்ன ஊர். பிசிஜி போட்டவர்கள் ரத்தப் பரிசோதனையாகக் கேட்கலாம், அதில் இந்தக் குழப்பம் வராது. கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே ஒரு டாக்டரிடம் உட்கார்ந்து, எல்லா ஊசிகளையும் தேதியோடு ஆங்கிலத்தில் டைப் செய்து கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

விஸ்கான்சினில் அரசுப் பள்ளிகள் செப்டம்பர் 1-க்கு முன் திறக்கக்கூடாது என்று சட்டம். நான் போய் இறங்கியது ஆகஸ்ட் 19. அந்த இரண்டு வாரம் வீட்டில் சும்மா இருந்திருந்தால் பைத்தியம் பிடித்திருக்கும். நல்லவேளையாகக் கிராஸ் கண்ட்ரி ஓட்டப் பயிற்சி அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. எங்கள் பள்ளியில் அந்த அணிக்குத் தேர்வு கிடையாது. வருகிற எல்லாரையும் சேர்த்துக்கொள்வார்கள். ஓடத் தெரியாத நான் தினமும் கடைசியில் வந்தேன். ஆனால் பள்ளி திறந்த முதல் நாள் லாக்கர் பூட்டோடு மல்லுக்கட்டி நின்றபோது, “ஏய்” என்று கூப்பிட்டு உதவ எனக்குப் பதினாறு பேர் இருந்தார்கள். அங்கே வகுப்புக்கு வகுப்பு மாணவர்கள் இடம் மாறிக்கொண்டே இருப்பதால் பக்கத்து பெஞ்சுச் சிநேகம் என்பதே அமையாது. சிநேகம் அணியிலும் பாட்டுக் குழுவிலும் நாடகத்திலும்தான். எதிலாவது முதல் வாரமே போய்ச் சேர்ந்துவிடுங்கள்.

வீட்டில் என்னைத் தடுமாற வைத்தது ரொம்பச் சின்ன விஷயம்: ஹோஸ்ட் அம்மாவை எப்படிக் கூப்பிடுவது? பெயர் சொல்லித்தான் கூப்பிடவேண்டும் என்றார். என் அம்மாவைவிடப் பெரியவர், வாய் வரவில்லை. ‘எக்ஸ்க்யூஸ் மீ’ என்றே மூன்று வாரம் ஓட்டினேன். அவர் மாடியில் இருந்தால், கூப்பிடுவதற்குப் பதில் ஏறிப் போய் எதிரில் நிற்பேன். பெயரே சொல்ல வராதவளுக்கு மற்றது எப்படி வரும்?

மற்றது என்றால் குழந்தைகள். ஹோஸ்ட் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஷிஃப்ட் வேலை. முதலில், “இன்றைக்கு மட்டும் ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்கிறாயா?” அக்டோபர் நடுவில் ஓட்டப் பருவம் முடிந்து நான் சீக்கிரம் வீடு திரும்ப ஆரம்பித்ததும் அது தினசரி ஆயிற்று: மூன்றரையிலிருந்து ஆறரை வரை. யாரும் கட்டளையிடவில்லை. நான் மறுக்கவில்லை, அவர்கள் நிறுத்தவில்லை. எப்போதாவது குழந்தை பார்த்துக்கொள்வதும் வீட்டு வேலையில் பங்கெடுப்பதும் சரி. ஆனால் அன்றாட ஆயாவாக மாணவியை வைத்துக்கொள்ள இந்த விசாவில் இடமில்லை. அது எனக்குத் தெரியும், பயண அறிமுக வகுப்பில் சொன்னார்கள். தெரிந்தும் பேசவில்லை. நாடகத்தில் சேர்ந்துகொள் என்று தோழிகள் கூப்பிட்டபோது, ஆர்வமில்லை என்று பொய் சொன்னேன்.

ஒருங்கிணைப்பாளர் மாதம் ஒருமுறையாவது மாணவியோடும் குடும்பத்தோடும் தொடர்பு கொள்ளவேண்டும் என்பது விதி. எங்களுடையவர் நூறு மைல் தள்ளி இருந்தார். 120 மைலுக்குள் இருந்தால் போதும் என்கிறது விதி. முதல் மாதம் நேரில் வந்தார். அப்புறம் ஹோஸ்ட் அம்மாவின் போனில் அழைப்பார். சமையலறையில், ஸ்பீக்கரில், பக்கத்தில் அவர் பாத்திரம் துடைத்துக்கொண்டிருக்க, “எல்லாம் நன்றாகப் போகிறதா?” என்பார். “நன்றாகப் போகிறது” என்பேன். நாற்பது நொடியில் முடிந்துவிடும். செப்டம்பர், அக்டோபர், நவம்பர் மூன்று மாதமும் இப்படித்தான். உங்கள் சொந்த எண்ணுக்கு, நீங்கள் வெளியே நடந்துகொண்டிருக்கும்போது அழைக்கச் சொல்லி முதல் மாதமே கேட்டுவிடுங்கள். அது புகார் அல்ல. யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இதற்கிடையில் கணுக்கால். அக்டோபர் முதல் வாரம் ஓடும்போது மடங்கி, இரவுக்குள் வீங்கிவிட்டது. ஹோஸ்ட் அப்பா பதறிப்போய் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போனார். எக்ஸ்ரே, கட்டு, இரண்டு வலி மாத்திரை. எலும்பு முறியவில்லை. நவம்பரில் பில் வந்தது: 740 டாலர். ஜே-1 மாணவர்கள் எல்லாருக்கும் காப்பீடு கட்டாயம். ஒரு நோய்க்கோ விபத்துக்கோ குறைந்தது ஒரு லட்சம் டாலர் வரை கொடுக்கவேண்டும், நம் கையிலிருந்து போடும் முதல் பங்கு 500 டாலரைத் தாண்டக்கூடாது. என் காப்பீட்டில் அந்தப் பங்கு 100 டாலர்தான். ஒரு படிவம் நிரப்பி அனுப்பியிருந்தால் மீதி வந்திருக்கும். நான் என்ன செய்தேன்? யாருக்கும் தொந்தரவு வேண்டாம் என்று பில்லை மேசை டிராயரில், சாக்ஸுக்கு அடியில் வைத்தேன். என் பாலிசியில் கெடு 90 நாள். கெடு முடிந்து இரண்டாவது நினைவூட்டல் வந்தபிறகு அப்பாவிடம் சொன்னேன். முழுத் தொகையையும் அவர் கட்டினார். போனில் ஒன்றும் சொல்லவில்லை, “கால் சரியாப் போச்சா?” என்று மட்டும் கேட்டார். காப்பீட்டு அட்டையைப் படமெடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். உயிருக்கு ஆபத்தில்லாத அடி என்றால் அவசரப் பிரிவுக்குப் போகாமல், அர்ஜன்ட் கேர் என்று இருக்கும் சின்ன மருத்துவ நிலையத்துக்குப் போங்கள், செலவு மிகவும் குறையும். பில் வந்த அன்றே படிவத்தை அனுப்புங்கள்.

நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்புகிறார்கள். வீட்டுக்கும் எனக்கும் பத்தரை மணி நேர இடைவெளி பதினொன்றரை ஆயிற்று. பள்ளிக்குக் கிளம்புமுன் அம்மாவோடு பேசும் பத்து நிமிடம் அவர்களுடைய மாலையில் இன்னும் ஒரு மணி நேரம் தள்ளிப்போயிற்று. டிசம்பரில் அங்கே மாலை நாலரைக்குள் இருட்டிவிடும். காலையில் இருட்டில் பஸ் ஏறி, இருட்டும் வேளையில் குழந்தைகளுக்கு மாக்கரோனி சூடாக்கிக்கொண்டு நிற்பேன். பசி இல்லை, தூக்கம் மட்டும் வந்துகொண்டே இருந்தது. கழிப்பறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுவது ஒரு வழக்கமாகிவிட்டது. ஊர் ஞாபகம் வந்து அழுவது எல்லாருக்கும் நடக்கும். அது பகலில் நாலு பேரோடு இருந்தால் குறையும். பகலெல்லாம் அப்படியே இருந்து, மூன்று வாரத்துக்கு மேலும் நீடித்தால் அது வெறும் ஊர் ஞாபகம் இல்லை. யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும்.

நான் சொல்லவில்லை, பள்ளி கவுன்சிலர் கண்டுபிடித்தார். அடுத்த பருவத்துப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கப் போனபோது, “இங்கே நீ யாரிடம் மனம்விட்டுப் பேசுவாய்?” என்று கேட்டார். பதில் யோசித்தேன், யாரும் இல்லை. இருபது நிமிடம் அழுதேன். அவர் டிஷ்யூப் பெட்டியை நகர்த்தி வைத்துவிட்டுச் சும்மா இருந்தார். பிறகு, ஸ்பான்சர் கொடுத்த அடையாள அட்டை எங்கே என்றார். பெட்டியின் உள்பையில் கிடந்தது. அன்றைக்குத்தான் அதை முழுதாகப் படித்தேன். ஸ்பான்சரின் அவசர எண் மட்டுமல்ல, அமெரிக்க வெளியுறவுத் துறையின் எண்ணும் அதில் இருந்தது. பரிமாற்ற மாணவர்கள் நேரடியாக அழைக்கலாம். நான்கு மாதமாக அது என் பெட்டியிலேயே இருந்திருக்கிறது.

வீடு மாறவேண்டும் என்று கேட்டால் நாட்டைவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்பதுதான் என் பெரிய பயம். அப்படி இல்லை. பெரும்பாலும் குடி, போதைப்பொருள், கார் ஓட்டுவது, இவற்றுக்குத்தான் திருப்பி அனுப்புவார்கள். வீடு மாறுவது சாதாரணமாக நடக்கிற விஷயம். ஆனால் ஒரே பேச்சில் நடக்காது. “இது பழக்கப்படும் வரைதான், இன்னும் இரண்டு வாரம் பார்” என்றுதான் ஸ்பான்சர் தரப்பில் முதலில் சொன்னார்கள். அங்கே எனக்குக் கைகொடுத்தது என் டைரி. பிடிக்கவில்லை, கஷ்டமாக இருக்கிறது என்று சொன்னதற்குத் தலையாட்டினார்கள். ‘நவம்பர் 6 முதல் 17 வரை பள்ளி நாட்களில் தினமும் மூன்று மணி நேரம்’ என்று காட்டியபோது பேனாவை எடுத்தார்கள். தேதி போட்டு எழுதிவையுங்கள். இன்னொன்று: என்னுடையது அசௌகரியம், ஆபத்து அல்ல. யாராவது தொட்டாலோ, கதவு பூட்டவிடாமல் செய்தாலோ, பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்தாலோ டைரி எழுதிக்கொண்டிருக்காதீர்கள். அந்த நிமிடமே அழைத்து, அந்த வீட்டைவிட்டு வெளியேறுங்கள்.

ஜனவரி இரண்டாவது வாரம் மாறினேன். ஓய்வுபெற்ற தம்பதி, ஒரு கிழட்டு நாய், ஹாலில் எப்போதும் பாதி முடிந்த ஆயிரம் துண்டுப் புதிர் ஒன்று. முதல் இரவே அந்த அம்மா, “உனக்குப் பிடிக்காதது மூன்று சொல், பிறகுதான் சாப்பாடு” என்றார். நான் இரண்டுதான் சொன்னேன். மூன்றாவது வரும்வரை கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றார். அங்கே கழிந்த ஐந்து மாதத்தைப் பற்றி எழுத அதிகம் இல்லை, நன்றாக இருந்தேன். ஒரே ஒரு சறுக்கல்: வசந்த விடுமுறைக்குக் கனடா போகலாம் என்றார்கள். எனக்குக் கனடா விசா தனியாக வேண்டும், திரும்பி வர, ஜே-1 விசாவுக்காக ஸ்பான்சர் தந்த டிஎஸ்-2019 படிவத்தில் அவர்களின் பயணக் கையெழுத்தும் வேண்டும். இரண்டும் இல்லை. என்னை விட்டுவிட்டுப் போக மனமில்லாமல் அவர்களும் போகவில்லை. எல்லை தாண்டும் எண்ணம் கொஞ்சம் இருந்தாலும் இலையுதிர் காலத்திலேயே இதைப் பேசி வையுங்கள்.

மே மாதம் பள்ளிப் பாட்டுக் கச்சேரியில் முதல் ஹோஸ்ட் அம்மாவைப் பார்த்தேன். தப்பித்துப் போகப் பார்த்தேன். சின்னவள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள். அவர் என்னைத் தனியே கூப்பிட்டு, “நீ ஒரு தடவை சொல்லியிருக்கலாமே. உனக்கு அவர்களோடு இருப்பது பிடிக்கிறது என்றுதான் நினைத்தேன். உன் கடிதத்தில் அப்படித்தானே எழுதியிருந்தாய்?” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, அடிபட்டதுபோல இருந்தது. நான் முதல்முறையாக அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன்.

கடைசி நஷ்டம்தான் பெரியது: ஒரு வருடம். பாடத் தேர்வில், ஊரில் என்ன கேட்பார்கள் என்று எனக்குச் சொல்ல ஆளில்லை. அமெரிக்க வரலாறு, ஆங்கிலம், கணிதம் போக மீதி இடத்தில் பாட்டு, சமையல், செராமிக்ஸ் என்று நிரப்பிவிட்டேன். எல்லாம் அருமையான வகுப்புகள், சந்தேகமில்லை. ஆனால் திரும்பி வந்து பன்னிரண்டாம் வகுப்பில் சேரப்போனால், இயற்பியலும் வேதியியலும் எங்கே என்று எங்கள் பள்ளியில் கேட்டார்கள். கிளம்புமுன்னே, எந்தெந்தப் பாடம் படித்து வந்தால் எந்த வகுப்பில் சேர்ப்பீர்கள் என்று உங்கள் பள்ளியில் எழுத்தில் வாங்கிவிடுங்கள். தலைமை ஆசிரியர் வாய்மொழியாகச் சொன்னதை நம்பி அப்பா இருந்தார், அவரும் இடையில் மாறிப்போனார். மதிப்பெண் சான்றிதழையும் பாட விவரங்களையும் முத்திரையோடு கையிலேயே வாங்கிக்கொண்டு விமானம் ஏறுங்கள். நான் அதைச் செய்யவில்லை. அங்கே ஜூன் முதல் வாரம் பள்ளி மூடினால் அலுவலகமும் அடங்கிவிடும். நான் ஜூலையில் அனுப்பிய நான்கு மின்னஞ்சலுக்கும் பதில் ஆகஸ்ட் கடைசியில்தான் வந்தது.

அதற்குள் பதினோராம் வகுப்பில், என்னைவிட ஒரு வயது சின்னவர்களோடு உட்கார்ந்திருந்தேன். செப்டம்பரில் ஒரு மாலை தடித்த உறை தபாலில் வந்தது. அப்பா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். செராமிக்ஸுக்கு நேரே ‘ஏ’ என்று இருந்தது. “இது என்ன பாடம்மா?” என்றார். பானை செய்வது என்றேன். அம்மா அடுப்படியிலிருந்து, “எங்க அந்தப் பானை?” என்றாள். பெட்டியில் இடமில்லை, அந்தச் சின்னக் குழந்தையிடம் கொடுத்துவிட்டு வந்தேன் என்று சொன்னேன்.